பழைய திகில் பட ஸ்டில் அசலா, மறுபிரதியா? பரிசோதிக்கும் முழு வழிகாட்டி

1930-களிலிருந்து 1950-கள் வரை வந்த ஹாலிவுட் திகில் படம் ஒன்றின் விளம்பர ஸ்டில் உங்கள் கைக்கு வருகிறது. விற்றவர் "ஒரிஜினல்" என்கிறார். அது எந்தக் காலத்தில் அச்சான பிரதி என்று கண்டுபிடிப்பது எப்படி? இந்த வழிகாட்டி அந்த ஒரு வேலைக்குத்தான். உதாரணமாக யுனிவர்சல் ஸ்டுடியோ 1931-ல் வெளியிட்ட 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தை எடுத்துக்கொள்கிறேன். தட்டையான தலை, கழுத்தில் இரும்பு முளை, பாதி மூடிய கண்களோடு போரிஸ் கார்லாஃப் நிற்கும் ஸ்டில். சந்தையில் அதிகம் புழங்குவதும் அதுதான், அதிகம் ஏமாற்றுவதும் அதுதான்.

புதிதாக வாங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு, முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது. 1931-ல் அச்சான பிரதியிலும் 1975-ல் அச்சான பிரதியிலும் கார்லாஃபின் முகம் ஒன்றுதான். ஸ்டில்லுக்கு இரண்டு பிறந்தநாள் உண்டு: கேமரா கிளிக் ஆன நாள் ஒன்று, இருட்டறையில் அந்தத் தாள் கழுவி எடுக்கப்பட்ட நாள் இன்னொன்று. விலை இரண்டாவதைப் பொறுத்தது. ஏலத்தில் எழுதியிருக்கும் ஆண்டோ பெரும்பாலும் முதலாவது.

1. முதலில் சாமான்களை எடுத்து வையுங்கள்

வேண்டியவை கொஞ்சம்தான்: பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், ஸ்கேல், மேஜை விளக்கு, புற ஊதா டார்ச், சாதாரண பிரிண்டர் தாள் ஒன்று, மென்மையான பென்சில், நோட்டு.

டார்ச் வாங்கும்போது 365 நானோமீட்டர் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் டார்ச்சில் ஊதா வெளிச்சம் கண்ணுக்கே தெரியும் அளவுக்குக் கசியும். அது தாளின் மேல் பட்டு, எல்லாமே நீலமாக ஒளிர்வது போலத் தோன்றும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். ஓரத்தை மட்டும் பிடியுங்கள். விரல் எண்ணெய், படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் பரப்பில் பட்டால் அன்று ஒன்றும் தெரியாது. சில வருடம் கழித்து ரேகையே பதிந்து நிற்கும்.

2. எந்தப் படம் என்று உறுதி செய்யுங்கள்

முகத்துக்கு வேலை இந்தப் படியில் மட்டும்தான். படம் எந்த ஆண்டு வந்தது என்று தெரிந்தால், பிரதி அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது.

'ஃபிராங்கன்ஸ்டைன்' என்று விற்கப்படும் ஸ்டில்களில் பல வேறு படத்தினுடையவை. (பெயரே விஞ்ஞானியினுடையது, அந்த உருவத்துக்குப் பெயர் கிடையாது. ஆனால் அதை விற்பவர்களிடம் சொல்லிப் பயனில்லை.) கார்லாஃப் அந்த வேஷம் கட்டிய படங்கள் மூன்று. 1931-ல் கன்னம் ஒட்டி உள்வாங்கியிருக்கும், ஏனென்றால் அவர் தன் பல்செட்டின் ஒரு பகுதியைக் கழற்றிவிட்டு நடித்தார். 1935-ல் வந்த 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் அந்த உருவம் பேசும் என்பதால் பல்லைக் கழற்றவில்லை, கன்னம் நிறைந்திருக்கும். முந்தைய படம் காற்றாலைத் தீயில் முடிந்ததால் இதில் முன்முடி கருகி, முகத்தில் தீக்காயமும் தெரியும். 1939-ன் 'சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் மேலே ஆட்டுத்தோல் அங்கி போட்டிருப்பார்.

1942-ல் அந்த வேஷத்தில் இருப்பவர் லான் சேனி ஜூனியர், 1943-ல் பெலா லுகோசி, 1944, 1945, 1948 படங்களில் க்ளென் ஸ்ட்ரேஞ்ச். ஒப்பனை ஒன்றுபோல இருப்பதால் பெயர் மாறிவிடுகிறது.

டிராகுலாவிலும் இதே குழப்பம் உண்டு. லுகோசி முழுநீளப் படத்தில் டிராகுலாவாக நடித்தது இரண்டு முறைதான்: 1931-ல் வந்த 'டிராகுலா', 1948-ல் அபட், காஸ்டெல்லோ ஜோடியோடு நடித்த நகைச்சுவைப் படம். மேலங்கி ஒரே மாதிரி இருக்கும், ஆனால் நடுவில் பதினேழு வருடம். கண்ணுக்குக் கீழே பாருங்கள், தெரிந்துவிடும்.

படம் எதுவென்று முடிவானதும் ஸ்டில்லைச் சுத்தமான வெள்ளைத் தாளின் மேல் கவிழ்த்து வையுங்கள். ஏழாவது படி வரை முகம் வேண்டாம்.

3. அச்சாக வாய்ப்புள்ள காலங்களை வரிசையாக எழுதுங்கள்

இதை எழுதிக்கொள்ளாமல் பரிசோதிப்பவர்கள் "பழசு", "புதுசு" என்று இரண்டே பதிலோடு நின்றுவிடுகிறார்கள். உண்மையில் பதில்கள் நாலைந்து. 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்துக்கு என் நோட்டில் இருப்பது இது:

1931: முதல் வெளியீடு. 1938: 'டிராகுலா'வும் 'ஃபிராங்கன்ஸ்டைன்'னும் சேர்த்து மறுவெளியீடு. 1940-களின் இறுதியிலிருந்து: யுனிவர்சலின் பழைய படங்களை மறுபடி வெளியிடும் உரிமை வாங்கிய ரியலார்ட் நிறுவனத்தின் பிரதிகள். 1957: ஸ்கிரீன் ஜெம்ஸ் 52 பழைய படங்களை 'ஷாக்' என்ற பெயரில் அமெரிக்க டிவி நிலையங்களுக்கு விற்றது, அப்போது விளம்பரத்துக்கு அச்சானவை. அதன் பிறகு: இந்த டிவி அலையால் உருவான ரசிகர்களுக்காகக் கடைகளும் தபால் வியாபாரிகளும் போட்ட பிரதிகள்.

இதில் முதல் நான்கும் முறையாக விளம்பரத்துக்கு அச்சானவைதான். ரியலார்ட் பிரதியைப் போலி என்று தூக்கிப் போடாதீர்கள், அதற்கும் வாங்க ஆள் உண்டு. 1931 விலையைக் கேட்டால்தான் சண்டை.

4. அளந்து, தொட்டுப் பாருங்கள்

அந்தக் கால ஸ்டில்லின் வழக்கமான அளவு எட்டுக்குப் பத்து அங்குலம். ஓரிரு மில்லிமீட்டர் குறைந்தால் கவலை வேண்டாம். கால் அங்குலம் குறைந்தால் யாரோ ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள், பல நேரம் அந்த ஓரத்தில்தான் எண்ணோ காப்புரிமை அறிவிப்போ இருந்திருக்கும். பதினொன்றுக்குப் பதினாலு அங்குலத்தில் கெட்டி அட்டையாக இருந்தால் அது லாபி கார்டு, தியேட்டர் முகப்பில் மாட்டும் விளம்பர அட்டை. அச்சகத்தில் அடித்தது, வேறு ஜாதி.

அடுத்தது தாள். பழைய ஸ்டில் நார்த்தாளில் இருக்கும். முதுகைத் தடவினால் காகிதம் போலவே இருக்கும், முகம் கண்ணாடி போலப் பளபளக்கும். பெரும்பாலும் முகப்பக்கம் லேசாகச் சுருண்டு நிற்கும். ஆர்.சி. தாள் என்பது இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு போட்டது, முதுகும் வழவழவென்று இருக்கும், தட்டையாகக் கிடக்கும். அது பரவலானது 1970-களில். முதுகு பிளாஸ்டிக் என்றால் பரிசோதனை இங்கேயே முடிந்தது, மேலே படிக்க வேண்டாம்.

நான் முதன்முதலில் "1931 அசல்" என்று நம்பி வாங்கிய ஸ்டில் இந்தப் படியைத் தாண்டவில்லை. பிரேம் போட்டு வந்தது, கண்ணாடிக்குள் அமர்க்களமாக இருந்தது. இரண்டு மாதம் சுவரில் மாட்டி வைத்து, ஒரு நாள் கண்ணாடி துடைக்கக் கழற்றினேன். முதுகு பாலிதீன் கவர் மாதிரி வழுக்கியது. அன்றிலிருந்து பிரேமோடு எதையும் வாங்குவதில்லை.

சுருண்ட ஸ்டில்லை எதிர்ப்பக்கம் வளைத்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள். முகப்பரப்பில் இருப்பது காய்ந்த ஜெலட்டின், அது அப்பளம் போல வெடிக்கும். விரிசலைச் சரி செய்ய வழியே இல்லை.

5. முதுகைப் படியுங்கள்

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த படி இதுதான். ஒரு ஸ்டில் ஸ்டுடியோவிலிருந்து பத்திரிகை அலுவலகத்துக்குப் போய், பெட்டியில் கிடந்து, வெளியே வந்த கதை முழுவதும் முதுகில்தான் இருக்கும்.

முதலில் விளக்கைப் பக்கவாட்டில், மேஜை மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடியுங்கள். அழுந்திய பென்சில் எழுத்து, அழித்த முத்திரை, பிய்த்தெடுத்த பசைத் தடம் எல்லாம் நிழலாக எழுந்து வரும். ரப்பர் முத்திரைகளை அப்படியே நோட்டில் எழுதுங்கள்: ஸ்டுடியோ பெயர், பத்திரிகை பெயர், தேதி. பத்திரிகை நூலகத்தின் தேதி முத்திரை இருந்தால் அதிர்ஷ்டம், அந்தத் தேதிக்குப் பிறகு தாள் அச்சாகியிருக்க முடியாது. ஆனால் முத்திரை போடுவது சுலபம் என்பதால் அதை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள்.

சில ஸ்டில்களின் முதுகில் தட்டச்சு செய்த மெல்லிய தாள் ஒட்டியிருக்கும், சேகரிப்பவர்கள் ஸ்னைப் என்பார்கள். யார், எந்தக் காட்சி, எந்தப் படம் என்ற குறிப்பு அதில் இருக்கும். பழுப்பேறி நொறுங்கும் நிலையில் இருந்தாலும் அதைப் பிய்க்கக் கூடாது. சுத்தம் செய்வதாக நினைத்துத் தண்ணீர் தொட்டுப் பிய்த்து, தாளையும் கிழித்து, சாட்சியையும் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதுகில் துணி ஒட்டி, ஒரு ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டிருந்தால் மெதுவாக உட்காருங்கள். ஸ்டுடியோக்கள் ஒவ்வொரு படத்தின் ஸ்டில்களையும் எண் வரிசையில் தொகுத்து வைத்த கீபுக் என்ற புத்தகத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். புதியவர்கள் துளையைப் பார்த்து "டேமேஜ்" என்று ஒதுக்குவது இதைத்தான்.

துளியும் அழுக்கில்லாமல் முதுகு வெள்ளையாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். தொண்ணூறு வருடம் யார் கையும் படாத தாளா?

6. அறையை இருட்டாக்கி டார்ச் அடியுங்கள்

தாளை வெள்ளையாகக் காட்ட ஒளிர்பொருள் சேர்ப்பார்கள். புற ஊதா வெளிச்சம் பட்டால் அது பளிச்சென்று நீலவெள்ளையாக மின்னும். புகைப்படத் தாள்களில் இது 1950-களின் முற்பகுதியில் நுழைந்து, அந்தப் பத்தாண்டின் நடுவுக்குப் பிறகு பரவலாகிவிட்டது. ஆகவே 1931 என்று சொல்லப்படும் தாள் மின்னக் கூடாது.

முதலில் பிரிண்டர் தாளின் மேல் அடியுங்கள், மின்னல் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகும். அப்புறம் ஸ்டில்லின் வெள்ளை ஓரம், முதுகு இரண்டிலும் அடியுங்கள். பழைய தாள் மங்கலாக, பழுத்த கிரீம் நிறத்தில் கிடக்கும். ஸ்னைப், பசை, பிற்காலத்தில் ஒட்டிய டேப் இவை தனியாக மின்னலாம். அதைத் தாளின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இந்தப் பரிசோதனை திகில் பட ஸ்டில்லுக்கு மட்டுமானதல்ல. 1940-ல் இறந்த புகைப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன் தம் கையால் அச்சிட்டவை என்று விற்கப்பட்ட பிரதிகள் 1990-களின் இறுதியில் சிக்கியதற்கும், அந்தத் தாளில் இருந்த ஒளிர்பொருள் முக்கியக் காரணம்.

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மின்னினால், தாள் பிந்தையது. மின்னாவிட்டால்? 1931 என்று நிரூபணமாகிவிடாது. 1938 மறுவெளியீட்டுப் பிரதியும் மின்னாது, ஆரம்பகால ரியலார்ட் பிரதியும் மின்னாமல் இருக்கலாம். ஒளிர்பொருள் சேர்க்காத தாள்கள் பின்னாளிலும் இருந்தன. 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' மாதிரி 1954 படத்தின் ஸ்டில் என்றால், அசலே மின்னலாம், மின்னாமலும் இருக்கலாம். அங்கே டார்ச்சை உள்ளே வைத்துவிடுங்கள்.

7. இப்போது முகத்தைத் திருப்பி லூப் வையுங்கள்

கண்ணின் ஓரம், கோட்டின் துணி, பின்னணியின் கறுப்பு: இந்த மூன்று இடம் போதும்.

புள்ளி புள்ளியாக ஒழுங்கான வலை தெரிந்தால் அது அச்சகப் பிரதி. நிறச் சிதறலாகத் தெளித்த புள்ளிகள் என்றால் இன்க்ஜெட். இருட்டறையில் அச்சான உண்மையான வெள்ளி உப்புப் பிரதியில் சாம்பல் நிறம் இடைவெளியில்லாமல் வழிந்தோடும்.

அடுத்து கூர்மை. ஸ்டில் என்பது சினிமா ரீலிலிருந்து வெட்டியது அல்ல. காட்சி முடிந்ததும் நடிகர்களை மறுபடி நிறுத்தி, ஸ்டில் போட்டோகிராபர் பெரிய கேமராவில் தனியாக எடுப்பது. யுனிவர்சலில் ரோமன் ஃப்ராய்லிக் போன்றவர்கள் செய்த வேலை அது. 1930-களில் எட்டுக்குப் பத்து அங்குல நெகட்டிவிலேயே எடுத்து, அதைத் தாளின் மேல் நேராக வைத்து அச்சிட்டார்கள். பெரிதாக்குதல் இல்லாததால் கூர்மை பயமுறுத்தும் அளவுக்கு இருக்கும். முதல்முறை ஒரு நல்ல பிரதியின் மேல் லூப் வைத்தபோது, ஜாக் பியர்ஸ் போட்ட ஒப்பனையில் நெற்றித் தழும்பின் ஓரம் தோலோடு சேரும் கோடு எனக்குத் தெரிந்தது. அன்று வேறு வேலை எதுவும் ஓடவில்லை.

ஸ்டில்லையே படம் பிடித்து, அந்த நெகட்டிவிலிருந்து எடுத்த மறுபிரதியில் இந்த நுணுக்கம் போய்விடும். கறுப்புப் பகுதி ஒரே மசியாக அடைத்துக்கொள்ளும், நெற்றியின் வெளிச்சம் சுண்ணாம்பு போல வெளுத்துவிடும். ஆனால் காட்டிக்கொடுப்பதில் கெட்டிக்காரன் மடிப்புக் கோடுதான். முகத்தில் மடிப்போ கீறலோ தெரிந்தால் விளக்கைச் சாய்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் பரப்பில் பள்ளமே இல்லை என்றால், அது வேறொரு ஸ்டில்லில் விழுந்த மடிப்பு, உங்கள் தாளில் படமாக வந்திருக்கிறது.

கடைசியாகக் கறுப்பு ஓரங்களைச் சாய்த்துப் பாருங்கள். நீலம் கலந்த உலோக மினுமினுப்பு, எண்ணெய்ப் படலம் மாதிரி தெரிந்தால் நல்ல அறிகுறி. பழைய பிரதியில் படத்தை உருவாக்கும் வெள்ளி மேலே எழும்பி வருவதால் உண்டாவது அது. துடைத்து எடுக்க முயலாதீர்கள், அதுவும் படத்தின் பகுதிதான்.

8. கீழ் ஓரத்து எண்களும் எழுத்துகளும்

மூலையில் சின்னதாக, வெள்ளை எழுத்தில் இரண்டு எண்கள் கோடு போட்டுப் பிரித்து இருக்கும். முதலாவது தயாரிப்பு எண், இரண்டாவது ஸ்டில்லின் எண். நெகட்டிவில் எழுதியதால் பிரதியில் வெள்ளையாக வருகிறது. அந்த எண் மங்கலாக, விளிம்பு கரைந்து இருந்தால் மறுபிரதிக்கான இன்னொரு சாட்சி.

ஓரத்தில் நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் பெயரோ, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் சாய்கோடும் எண்ணுமாக அதன் குறியீடோ இருந்தால் கவனியுங்கள். பெரிய ஸ்டுடியோக்களின் விளம்பரப் பொருள்களை அந்த நிறுவனம் கையாளத் தொடங்கியது 1940 வாக்கில். எனவே 1931 படத்தின் ஸ்டில்லில் அந்தக் குறியீடு இருந்தால் அது மறுவெளியீட்டுப் பிரதி. ஆண்டுக்கு முன்னால் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து நின்றால், அவர்களே மறுவெளியீடு என்று ஒப்புக்கொண்டது போல.

9. கையெழுத்து இருந்தால்

அதைத் தனியாகப் பாருங்கள், கையெழுத்தை வைத்து ஸ்டில்லை எடை போடாதீர்கள். லூப்பில் பார்க்கும்போது மை ஜெலட்டின் மேல் படிந்திருக்க வேண்டும், உள்ளே புதைந்திருந்தால் அது அச்சோடு வந்தது. லுகோசி இறந்தது 1956-ல், ஷார்பி மார்க்கர் பேனா கடைக்கு வந்தது 1964-ல். இரண்டையும் ஒரே ஸ்டில்லில் பார்த்தால் அது படத்தைவிடப் பெரிய திகில்.

10. இணையத்தில் வாங்குவதானால்

தொட்டுப் பார்க்க முடியாது என்பதால் விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: முழு முதுகு, கீழ் ஓரம் மிக அருகிலிருந்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் முகம், இருட்டில் பிரிண்டர் தாளோடு சேர்த்துப் புற ஊதா வெளிச்சத்தில். கடைசியைக் கேட்டால் பலர் பதில் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். அதுவும் ஒரு பதில்தான். "தாத்தா தியேட்டரில் வேலை பார்த்தார்" என்ற கதை வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், விலையில் சேர்க்காதீர்கள்.

11. வைத்துக்கொள்வது

பாலியஸ்டர் உறையில், அமிலமில்லாத அட்டையைப் பின்னால் கொடுத்து, படுக்கை வாக்கில் வையுங்கள். பி.வி.சி. ஆல்பம் வேண்டாம், அது முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். லேமினேஷன் என்ற வார்த்தையையே மறந்துவிடுங்கள். முதுகில் ஏதாவது குறிக்க வேண்டுமானால் ஓரத்தில், மென்மையான பென்சிலால். பால்பாயிண்ட் பேனா அழுத்தம் மறுபக்கம் புடைத்துத் தெரியும்.

நம் கடலோர ஊர்களில் உண்மையான எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதம் 30-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது, மழைக்காலத்தில் அது கனவுதான். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் வைக்காதீர்கள். ஜெலட்டின் என்றால் பூஞ்சணத்துக்கும் இராமபாணப் பூச்சிக்கும் விருந்து. அதற்காக அந்துருண்டை போடுவதும் தப்பு, அந்த ஆவி உறையையும் படத்தையும் பாதிக்கும்.

12. ஸ்கேன் செய்து வெளியிடுவதற்கு முன்

இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், 600 டி.பி.ஐ. போதும். சுருண்ட ஸ்டில்லை மூடியால் அழுத்தாதீர்கள். முதுகையும் எடுப்பதற்குக் காரணம் உண்டு: 1978-க்கு முன் அமெரிக்காவில் வெளியான படைப்பில் காப்புரிமை அறிவிப்பு இல்லாவிட்டால் பொதுவாக உரிமை போய்விடும். பல விளம்பர ஸ்டில்கள் அப்படி அறிவிப்பில்லாமலேயே போயிருக்கின்றன. அறிவிப்பு எங்கும் இல்லை என்று காட்ட இரண்டு பக்கமும் வேண்டும். முறையான அறிவிப்போடு 1931-ல் வெளியாகி, உரிமை புதுப்பிக்கப்பட்டிருந்தால் 95 வருடம். அது 2026 முடிவு வரை.

காப்புரிமை தீர்ந்தாலும் நடிகரின் உருவத்துக்குத் தனி உரிமை உண்டு. லுகோசியின் மனைவியும் மகனும் யுனிவர்சல் மேல் வழக்குப் போட்டு, 1979-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்த மாநிலமே சட்டம் கொண்டுவந்து, இறந்தவரின் பெயரையும் உருவத்தையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் உரிமையை வாரிசுகளுக்குக் கொடுத்தது. இப்போது அது இறந்த பிறகு 70 வருடம். கார்லாஃப் இறந்தது 1969-ல். கட்டுரையில் ஸ்டில்லைப் போட்டு அந்தப் படத்தைப் பற்றி எழுதுவது ஒன்று, அந்த முகத்தை டீ-ஷர்ட்டிலும் காபி மக்கிலும் அடித்து அமெரிக்காவில் விற்பது வேறு. இரண்டாவதற்கு ஆசைப்பட்டால் லூப்பைக் கீழே வைத்துவிட்டு வக்கீலைப் பாருங்கள்.